பர்மாவைச் சொன்ன தையல்காரர்

எழுபதுகளில் சித்தூர் மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்த அவர், ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அறுபதுகளில் பர்மா அரசு இந்தியர்களை வெளியேற்றியபோது அங்கிருந்து அனுப்பப்பட்டவர். ஒல்லியான ஆள். கட்டம்போட்ட கைலியைப் பர்மாக்காரர்போல முன்னால் முடிச்சிட்டுக் கட்டியிருப்பார். யார் வந்தாலும் அளவெடுத்துக்கொண்டே, தமிழிலோ தெலுங்கிலோ பர்மாவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மாண்டலே ராஜாக்கள், வெள்ளைக்காரன் வந்து பிடித்தது, சித்திரைத் தண்ணீர்த் திருவிழா, ரங்கூன் சினிமாக் கொட்டகைகள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"எல்லாம் எப்படிண்ணா மனப்பாடமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

மிஷினை நிறுத்தினார். "ஸ்கூல்ல படிச்ச சரித்திர புஸ்தகம்பா. கப்பல் ஏறும்போது பையில வச்சிருந்தேன். சோதனை போட்ட ஆபீசர் பர்மாக்காரன், என்கூட ஒரே பெஞ்சில படிச்சவன். என் மூஞ்சியப் பாத்துக்கினே பேர் என்னன்னு கேட்டான். புஸ்தகத்தைப் புடுங்கிக்கினு, 'இது எங்க நாட்டு சரித்திரம், உனக்கெதுக்கு?'ன்னான்."

"அப்புறமும் ஏண்ணா அந்த நாட்டையே பேசிக்கினு இருக்கீங்க?"

"பேசாம வுட்டா, அவன் சொன்னது நெசமாயிடும்ல?"

நான் பார்த்தேயிராத அந்த அதிகாரிமேல் அன்று வந்த கோபம் இன்றும் எனக்குக் குறையவில்லை. தையல்காரருக்கு அந்தக் கோபம் இருந்ததா என்பதுதான் புரியவில்லை.