கையை அடக்கிய மெக்கானிக்

அத்தான் தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக். நூறு மெஷின் ஓடும் கூடத்தில் ஒன்று லேசாக நடுங்கினாலும் அவர் காதுக்குத் தப்பாது. போய் ஒரு திருகை முடுக்குவார், சத்தம் அடங்கிவிடும். கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

என் அக்காவுக்கும் அவருக்கும் ஒரே மகள், பன்னிரண்டு நடக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. சத்தம் கூடினாலும் சந்தோஷம் கூடினாலும் காதோரம் இரண்டு கையையும் உதறுவாள். அப்படி உதறினால்தான் அவளுக்கு மனசு நிலைக்கு வரும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அவள் என் அக்காவின் தோள் உயரத்துக்கு வளர்ந்ததும் முறைக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அன்று பிடித்தது அத்தானுக்குப் பிடிவாதம்: பெரிய பள்ளியில் சேர்ப்பதற்குள் அந்தக் கையை நிறுத்திவிட வேண்டும்.

"வயசுக்கு வரப்போற பொண்ணு. நாலு பேர் சிரிக்கக் கூடாதில்ல?"

கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழக்கினார். மூன்றே வாரத்தில் பழகிவிட்டாள். மனிதர் என்னிடமே பீற்றிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், அவ என்ன உங்க மெஷினா?" என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன், அந்தக் கோழைத்தனத்துக்கு நான் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.

நான்காவது வாரம் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். அக்கா டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் கடித்துக் கடித்து ஒரே புண்.

"ஏம்மா கடிச்ச?"

"கை உள்ள இருந்தா வாய் கடிக்கும்," என்றாள் பிள்ளை, பாடம் ஒப்பிப்பதுபோல.

அத்தான் அன்று வேலைக்குப் போகவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு இடத்துல அளவுக்கு மீறி முடுக்கினா இன்னொரு இடம் உடையும். இது எனக்குத் தெரியாதா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் பள்ளியில் சேர்க்கப் போனோம். அக்காவுக்கு லீவு கிடைக்காததால் நான் கூடப் போனேன். தலைமை ஆசிரியை பேச ஆரம்பித்தபோது மணி அடித்தது. பிள்ளையின் உடம்பு விறைத்தது. இரண்டு கையும் தொடைக்கு அடியில் போயின.

"கையை வெளிய எடுத்துக்கோம்மா. இனிமே அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"கை உள்ள இருக்கணும். அப்பா சொன்னாங்க."

கன்னம் உள்ளே குழிவது தெரிந்தது. அத்தான் மெதுவாக ஒரு கையைப் பிடித்து வெளியே எடுத்தார். அவள் பயந்து மறுபடி உள்ளே திணித்துக்கொண்டாள். அவர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்.

"டீச்சர், இவ கையை உதறுவா. அது அவளுக்கு வேணும். நான்தான் புரியாம நிறுத்திட்டேன்."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி மகளுக்கு எதிரே முட்டி போட்டார். கிரீஸ் போகாத தன் இரண்டு கையையும் காதோரம் தூக்கி உதறினார். வாசலில் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

பிள்ளை வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது.