வாய் திறக்காதவனின் அம்மா

புளியைக் கல்லில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. கொட்டை தெறித்ததும் வேதத்திலிருந்து ஒரு சங்கதி. அடுத்த தட்டு, அடுத்த சங்கதி. சாலம்மாள் அக்காவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் பொம்மிடிப் பக்கத்து மாதா கோயிலில் நாற்பது வருடம் காதால் கேட்டது. எந்தத் தீர்க்கதரிசி சொன்னது எங்கே பலித்தது என்று கேட்டால் சாமியாரே கொஞ்சம் யோசிப்பார், அக்கா யோசிக்க மாட்டார். "மைக்செட்டு ஆரம்பிச்சிருச்சு" என்று கூட உட்கார்ந்து தட்டும் செல்லி கேலி செய்வாள். மாசி மாதத்திலிருந்து செல்லி கேலி செய்வதில்லை. தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அக்காவின் மகன் சவுரியப்பன் புளி மண்டியில் மூட்டை தூக்கியவன். போன வருடம் மண்டிக்காரர் வீட்டில் நகை காணாமல் போனது, பழி அவன்மேல் விழுந்தது. அன்றைக்குத் தாயும் மகனும் வத்தல்மலையில் ஒருவருடைய புளிய மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருந்தால் மரத்துக்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். ஆனால் போலீஸ் அவனைக் கூட்டிப்போன அன்றே அக்கா காதில் ஓதியிருந்தார்.

"வாயத் தெறக்காத சாமி. ஏசு சாமி பிலாத்து முன்னாடி பேசுனாரா? ஆட்டுக்குட்டியாட்டம் நிப்பாருன்னு முன்னாடியே சொல்லி வெச்சாங்க, நின்னாரு. நீயும் சும்மா நில்லு. கடவுள் பேசுவாரு."

அவனும் நின்றான். வக்கீல் கெஞ்சிப் பார்த்தார். சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார். தலையைக் குனிந்துகொண்டான். கோர்ட்டு வாசலில் அக்காவும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மாசியில் தீர்ப்பு, ஐந்து வருடம். ஏசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவுக்காவது மனசு உறுத்தியது, தண்ணீர் கேட்டுக் கை கழுவினான். இங்கே யாருக்கும் அதுகூடத் தேவைப்படவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீல். அவன் வாய் திறந்து நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. போன வாரம் சேலம் சிறைக்கு அக்கா போனபோது, பக்கத்து வீட்டுக்காரன் என்று நானும் கூடப் போனேன். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "நான் சொன்னது தப்பு சாமி. பேசு."

சவுரியப்பன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். அவன் அங்கே யாரிடமும் பேசுவதில்லையாம், சோறு போதவில்லை என்றுகூடக் கேட்பதில்லையாம்.

திரும்பி வரும்போது ரயிலில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "எல்லாம் சொன்ன மாதிரியே நடந்துருச்சுங்க தம்பி. ஏசு சாமி உசுரோட எந்திரிச்ச அந்த மூணாம் நாளு மட்டும் வரமாட்டேங்குது" என்றார்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் ஏசு பட்ட பாடுகளின் வாசிப்பு. சிலுவையில் அறையச் சொல்லிக் கூட்டம் கத்தும் இடத்தைச் சனங்கள்தான் ஒரே குரலில் சொல்ல வேண்டும். வருடா வருடம் அதில் அக்காவின் குரல்தான் தூக்கலாக இருக்கும். இந்த வருடம் அது இல்லை. வாசிப்பு நகர்ந்தது. பிலாத்து கேட்டான், ஏசு பதில் பேசவில்லை என்ற இடம் வந்தது.

முக்காட்டை விலக்கிவிட்டு, புளி தட்டித் தட்டிக் காய்ப்பேறிய கையால் அக்கா தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். செல்லி எட்டிப் பிடிப்பதற்குள் இன்னொரு முறையும் அடித்துக்கொண்டார்.