நீலப் பனியனின் எழுத்துகள்

கண்ணுங்களா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பல்கூடத் துலக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களின் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லீக் ஆட்டமெல்லாம் முடிந்து, மேலே வந்த டீம்கள் மட்டும் மோதிக்கொள்ளும் கடைசிக் கட்டம் என்று பெரியவன் எனக்கு விளக்கினான். ஒரே எதிராளியோடு ஏழு ஆட்டம் வரைக்கும் ஆடுவார்களாம். இன்றைக்குத் தோற்றாலும் அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிடலாமாம். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் மாமா நைட் டியூட்டி முடிந்து வாட்ச்மேன் உடுப்போடு உள்ளே வந்தார். அவர் உயரத்துக்கு எந்த உடுப்பும் பற்றாது. சட்டைக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். காபி டம்ளரை வாங்கியவர் டிவியைப் பார்த்தார். டம்ளரை ஜன்னல் மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"மாமாவுக்கு பாஸ்கெட்பால்லாம் இன்னா புரியும்" என்றான் சின்னவன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் நானும் உங்கள் மாமாவும் வேலை பார்த்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை கிடைத்ததே பந்து ஆடியதால்தான் என்று தெரியாது. கூடைப்பந்து டீம் வைத்துக்கொள்வது அந்த நாளில் கம்பெனிகளுக்கு ஒரு பெருமை. ஆடத் தெரிந்த பையன்களாகப் பார்த்து எடுப்பார்கள். காலையில் மெஷினில் நிற்கவேண்டும், நாலு மணிக்கு மேல் ஆடவேண்டும். நான் குள்ளம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, யாருக்குக் கொடுக்கணுமோ அவனுக்குக் கொடுப்பது என் வேலை. கொடுக்கவேண்டியவன் எப்போதும் உங்கள் மாமாதான்.

அவர் ஆட்டத்தை எப்படிச் சொல்வது? மூலையில் போய் நிற்பார். பந்து கைக்கு வந்ததும் நெற்றிக்கு மேலே தூக்கி ஒரு நொடி நிறுத்துவார். விட்டதும் திரும்பிவிடுவார். பந்து வளையத்தில் விழுகிறதா என்று பார்க்கவே மாட்டார். நம் பக்கம் தடுக்க ஓடிவந்துகொண்டிருப்பார், அவர் முதுகுக்குப் பின்னால் வலை அசையும். எதிர் டீம்காரனே ஒருதரம் கேட்டான், "இன்னா மாமே, முதுகுல கண்ணு கீதா?"

பெரியவன் பிறந்த வருஷம் லீக்கில் எங்கள் டீம் மேலே வந்தது. கடைசி நாலு டீமுக்குள் நுழைந்துவிட்டோம். லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கிற அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்கு ஆள் பார்க்கிறவர். ஆட்டம் முடிந்து மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"செமி ஃபைனல்ல ஒரு முழு மேட்ச் ஆடு தம்பி, நான் வந்து பாக்கறேன். கடைசி நாலு டீம்ல ஆடினவனைத்தான் எங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நினைக்காதே. உனக்கு வயசு தாண்டிடும்."

திரும்பிவருகிற மின்சார ரயிலில் மாமா வாசலில் நின்றுகொண்டே வந்தார். ஆவடியில் இறங்கும்போது என்னிடம், "மாமா, பென்ஷன் கூட உண்டாம்" என்றார்.

அதற்கு அப்புறம்தான் கம்பெனியைப் பூட்டினார்கள். நாலு பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று நாங்கள் வெளியே வந்தோம், அவர்கள் கேட்டுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். கேட்டுக்கு எதிரே சங்கம் பந்தல் போட்டது. முதலில் மேடை, மைக், பாட்டு எல்லாம் இருந்தது. அப்புறம் பாட்டு நின்றது. கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தோம். வீட்டில் பெரியவன் கைக்குழந்தை. மாமா எங்களோடுதான் ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் இருந்தார். உங்கள் அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். பந்தலில் ஒருத்தர் வெட்கப்பட்டுக்கொண்டு தன் பங்குக் கஞ்சியைத் தூக்குவாளியில் வீட்டுக்கு எடுத்துப்போனார். அப்புறம் எல்லாரும் தூக்குவாளியோடு வந்தார்கள்.

இந்த நிலைமையில் செமி ஃபைனல் வந்தது. ஆவடியில் ஒரு மைதானத்தில், சாயங்கால ஆட்டம்.

சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். லேத் மெஷினில் வேலை பார்த்த வயசானவர். முன்பல் இரண்டும் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நீ ஆடாதேன்னு சொல்ல வர்ல நைனா" என்றார் மாமாவிடம். "உனுக்கு இத்த உட்டா வேற வயி இல்லன்னு எனுக்குத் தெரியும். ஆனா கம்பெனி பேர நெஞ்சுல மாட்டிகினு ஆடினா, அந்த மேனேஜர் போட்டா புட்சு பேப்பர்ல போட்டுடுவான். இங்க ஒரு தகராறும் இல்ல, பசங்க ஜாலியா ஆடிகினு கீறாங்கன்னுவான். அப்பால பந்தல்ல குந்திகினு கீறவன்லாம் இன்னா, பைத்தியக்காரனா?"

"வேற பனியன் போட்டா உள்ளயே உடமாட்டாங்க தலைவரே. எய்தி குடுத்த கலர்தான் போடணும்."

"கலரப் போடு. பேர மட்டும் பிரிச்சுரு. நம்பர் இருந்தா போதும்ல? நீ பிரிச்சுகினு வா, மொத்தப் பந்தலும் வந்து கை தட்டும். விசிலு நான் அடிக்கிறேன்."

"பல்லு இல்லாம விசிலு எப்டி வரும் தலைவரே?" என்றாள் உங்கள் அம்மா உள்ளே இருந்து.

ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

பனியன்கள் எங்களிடமே இருந்தன. துவைப்பதற்காக அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். நல்ல நீலப் பருத்திப் பனியன், வெள்ளைத் துணியில் எழுத்து வெட்டி நெஞ்சில் வளைவாகத் தைத்திருக்கும். டீமில் எல்லாரிடமும் வாங்கி வந்து உங்கள் அம்மாவிடம் கொடுத்தார் மாமா. அவள் பாதி பிளேடை வைத்துக்கொண்டு தையல் தையலாக வெட்டி, எழுத்து எழுத்தாக உரித்துப்போட்டாள். கைக்குழந்தை அந்த வெள்ளை எழுத்துகளை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

முதல் பனியன் முடிந்ததும் அவள் அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"டேய், இங்க வா. இத்தப் பாரு."

வருஷக்கணக்காக வெயிலில் ஆடி, வியர்த்து, கல்லில் அடித்துத் துவைத்து, பனியன் முழுவதும் நீலம் வெளுத்துப்போயிருந்தது. எழுத்துக்கு அடியில் இருந்த துணி மட்டும் வெளுக்கவே இல்லை. வாங்கின அன்றைக்கு இருந்த கருநீலம் அப்படியே இருந்தது. கம்பெனி பெயர் முழுசாகத் தெரிந்தது.

"கிட்டக்க பாத்தா தெரியுது, தூரத்துல எவன் படிக்கப் போறான்? உடுக்கா" என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். வேறு பனியன் வாங்க யாரிடமும் வழியில்லை.

ஆட்டத்தன்று சொன்னபடியே பந்தல் மொத்தமும் வந்தது. பாதிப் பேர் அம்பத்தூரிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க நம் ஆட்கள். எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு டோர்னமெண்ட் கமிட்டிக்காரர்கள், நடுவில் எங்கள் மேனேஜர். ஓரத்து நாற்காலியில் அந்த ஆள் பார்க்கிற பெரியவர்.

நாங்கள் வரிசையாக உள்ளே ஓடினோம். சாயங்கால வெயில் நேராக எங்கள் நெஞ்சில் அடித்தது. கை தட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தினார்கள்.

"பேரு அப்டியே கீதுடா!"

"பிரிச்சுட்டோம்னு சொன்னானுங்களே."

"பிரிச்ச மாரி பிரிச்சு சாயம் வச்சுகினு வந்துகீறான். யோவ், கம்பெனி மாப்ளே!"

தலைவர் எழுந்து நின்று, "வெள்ளய எடுத்துட்டாங்கப்பா, அது அச்சுப்பா, அச்சு" என்று கையை ஆட்டிச் சொல்லிப்பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மாமா ஆடினதுபோல் ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் டிவியில் பார்க்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பந்தைக் கொடுத்துவிட்டு நானும் வளையத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆனால் பந்து விழும்போதெல்லாம் நம் பக்கம் ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும், பந்து சிமெண்டில் குதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பாதி ஆட்டத்தில் நாங்கள் நன்றாக முன்னால் இருந்தோம். ஓரத்து நாற்காலிப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

ஹாஃப் டைமில் மேனேஜர் எழுந்து கமிட்டி மேஜைக்குப் போனார். கொஞ்ச நேரம் குனிந்து பேசினார். கமிட்டிக்காரர் எங்களைக் கூப்பிட்டார்.

"உங்க பனியன்ல கம்பெனி பேரு இல்லை. இது எங்க டீமே இல்லைன்னு உங்க மேனேஜர் சொல்றார். நாங்க என்ன பண்றது?"

"சார், எழுதிக் குடுத்த கலர்தானே போட்டிருக்கோம், நம்பரும் இருக்கே" என்றேன் நான்.

"கலரும் நம்பரும் போதாது. பேரும் வேணும்."

எதிர் டீம் கேப்டன் நல்ல பையன். "சார், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல, ஆடி முடிச்சுக்கறோம்" என்று வந்து சொன்னான். கமிட்டிக்காரர் அவனைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்தார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பேரை வேணாம்னு பிச்சுப்போட்டவங்கதானே? பேரு இல்லாமலே போகட்டும்."

அப்போது மாமா மேஜைக்கு முன்னால் போனார். இரண்டு கையாலும் பனியனைப் பிடித்து இழுத்து, நெஞ்சை மேனேஜருக்கு நேரே காட்டினார்.

"சார், பேரு கீது சார். நல்லாப் பாருங்க. இங்கதான் கீது, எங்கயும் போகல. ஒரு எய்த்துகூடப் போகல சார்."

அவர் கத்திச் சொல்லவில்லை. ஆனால் மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் எல்லாருக்கும் கேட்டது.

"தழும்பைக் காட்டிப் பேருங்கிறியா?" என்றார் மேனேஜர்.

நான் திரும்பிப் பார்த்தேன். நம் ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. பின்னால் இருந்து ஒருத்தர், "கேட்டுகினியா தலைவரே, பேரு கீதாம்" என்று மட்டும் சொன்னார். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மைக்கில் எதிர் டீம் ஃபைனலுக்குப் போவதாகச் சொன்னபோது அந்தப் பக்கம் வெறும் தரைதான் இருந்தது.

ஆள் பார்க்கிற பெரியவர் போகிற வழியில் மாமா அருகில் நின்றார். "பாதி மேட்சை வச்சு நான் போய் ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. ஆடின மாதிரியே கணக்கு இல்லை" என்றார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். உங்கள் மாமா அத்தனை பணிவாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பந்தலுக்குப் போனோம். போகாமல் என்ன செய்வது? எங்கள் வாளியிலும் கஞ்சி ஊற்றினார்கள். மாமா உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் பீடி பற்றவைக்கப் போவதுபோல் எழுந்துபோனார், திரும்பி வரவில்லை. மாமா அதற்கப்புறம் பந்தலுக்கு வரவில்லை. கம்பெனி திறந்தபோது பாதிப் பேரை எடுத்துக்கொண்டார்கள். டீமில் ஒருத்தரையும் எடுக்கவில்லை.

நான் ஒரு சின்ன லேத் பட்டறையில் சேர்ந்தேன். மாமா நெமிலிச்சேரி பக்கம் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனார். வாட்ச்மேன் வேலையெல்லாம் முதுகு போன பிறகுதான். அவரிடம் இருந்த சட்டைகள் மூட்டை உரசிக் கிழிந்துபோயின. அந்தப் பனியன் ஒன்றுதான் கெட்டித் துணி. அதையே போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். உங்கள் அம்மா வேண்டாம் என்றாள். "துணிதானேக்கா" என்றார்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். லாரி மேல் நின்றவன் ஒரு சின்னப் பையன், மாமாவின் நெஞ்சைப் படித்துப் படித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஓய் பம்பு கம்பெனி! தோளக் குடு. இன்னாய்யா கம்பெனி, தூங்குறியா?" மற்றவர்கள் சிரித்தார்கள். மாமா தோளைக் கொடுத்தார். நான் சாப்பாட்டை அங்கே இருந்த ஒருத்தரிடம் கொடுத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் கடையில் ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்து, பின்பக்கம் வாளியில் கரைத்து, ஆணியில் தொங்கிய பனியனை எடுத்து அமுக்கினேன். முதலில் சுற்றியிருந்த துணிதான் வெளுத்தது. எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. இன்னொரு பொட்டலத்தைக் கொட்டிக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண் எரிய அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எடுத்து அலசியபோது துணி முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. நம்பர் மட்டும் இருந்தது. அதைத் தொடவில்லை. பிழிந்து நிழலில் காயவைத்து, அவர் எழுந்திருக்கும் முன்னால் அதே ஆணியில் மாட்டினேன்.