சம்பளம் என்ற சொல்லும் ஏகாம்பரம் சாரின் பட்டியலும்

சென்ற மாதக் கடைசி நாள் காலையில், சம்பளம் ஏறிய குறுஞ்செய்திக்குச் சற்றுப் பின்னால் ஏகாம்பரம் சார் காலமான செய்தி வந்தது. செவிலிமேட்டில் அவர் வீட்டு வாசலில் கூடிய நம் அலுவலகத்தார் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்: சம்பாவும் உப்பும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துரை அவருடையது. "அந்தக் காலத்துல கூலியா சம்பா நெல்லும் உப்பும் குடுத்தாங்க. உப்பு வெளையற எடம் அளம். ரெண்டும் சேர்ந்துதான் சம்பளம்" என்பார். கைதட்டல் அடங்கியதும், ஓய்வு பெறுபவர் கையில் ஒரு படி சம்பா அரிசியும் ஒரு பொட்டலம் கல்லுப்பும் கொடுப்பார். சால்வை போர்த்தியவர்களை மறந்துவிட்டோம். உப்பு கொடுத்தவரை மறக்கவில்லை.

அலுவலக உதவியாளர் லட்சுமம்மா ஓய்வு பெற்ற நாளில் அது நின்றது. அரிசியை வாங்கிக்கொண்டு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "எங்க வூட்ல தெலுங்கு சார். நாங்களும் சம்பளம்னுதான் சொல்றோம். பெங்களூர்ல சம்பந்தி வூட்ல கன்னடம். அவங்களும் சம்பளன்னுதான் சொல்றாங்க. அங்கெல்லாம் நம்ம சம்பாவும் கூடவே போச்சா?" கூட்டம் சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் அவர் நூலகத்தில் கிடந்தார். சோழர் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் வேலையாட்களுக்குக் கொடுத்த நெல்லும் காசும் வரிசையாக இருப்பதைப் படித்தார். சம்பளம் என்ற சொல் அதில் அவர் கண்ணில் படவில்லை. பழைய அகராதிகளில் 'சம்பல' என்ற வடசொல் இருந்தது. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு என்று பொருள். பெரும்பாலும் அதிலிருந்துதான் நம் சொல்லும் வந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

"நான் சொன்னது வெறும் கதைப்பா" என்றார் என் மேசைக்கு வந்து.

"நல்ல கதைதானே சார். யாருக்கு என்ன நஷ்டம்?"

"வாயால மட்டும் சொல்லியிருந்தா போவட்டும்னு வுட்டிருப்பேன். அரிசி குடுத்து நம்ப வெச்சிருக்கேன்பா."

அன்றே ஒரு பட்டியல் எழுதினார். அரிசி வாங்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஞாயிறுதோறும் டவுன் பஸ் ஏறி ஒவ்வொரு வீடாகப் போனார். தவறாகச் சொல்லிவிட்டேன் என்பார். அவர்கள் ஒத்துக்கொண்டபின் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார். திருப்புட்குழியில் ஓர் அம்மாள் கோபமாக, "இப்ப அரிசிய திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாராம். "பொங்கித் தின்னது தின்னதுதாம்மா. நம்பினத மட்டும் வுட்டுடுங்க" என்றாராம் இவர். பிறகு சாரும் ஓய்வு பெற்றார். அலைச்சல் நிற்கவில்லை. முட்டி வலியோடு இது தேவைதானா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

பட்டியலில் நாற்பத்து நான்காவதாக என் பெயரையும் எழுதியிருந்தார். நான் அரிசி வாங்கியவன் அல்ல. அலுவலக மலரில் அவர் பேச்சை அச்சில் போட்டவன். அவர் கொண்டுவந்த ஒவ்வொரு சான்றுக்கும், "இது பத்தாது சார்" என்றேன். "நீ ஒத்துக்கினாதான் அடிப்பேன். வேற யாரும் அடிக்கக் கூடாது" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். அடுத்த வாரம் வேறொரு சான்றோடு வருவார். கடைசியாக வந்தபோது, "மாசம் பூரா நடக்கறதுக்குக் கட்டுசோறுப்பா. இது நல்லால்லியா?" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரமே எனக்கு அது சரியென்று பட்டுவிட்டது. ஒத்துக்கொண்டால் அவர் என் மேசைக்கு வர வேறு காரணம் இருக்காது. அதனால் சொல்லவில்லை. இதை இங்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். "இது ஒங்களுதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றார். நாற்பத்து மூன்று பெயர்களின் மேலும் சிவப்புக் கோடு. கடைசிப் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

தாள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒத்துக்கொண்டேன் சார். அடிக்கத்தான் ஆளில்லை.