பொதுத்தேர்வுக்கு முந்தைய ஏழு வாரங்கள்

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் 'வலிக்காத அக்கா இருக்காங்களா' என்றுதான் கேட்டு வருவார்கள். ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகள்கூட அவர் முன்னால் உட்கார்ந்தால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும்.

"பயப்படாதேன்னு மட்டும் சொல்லக் கூடாது. சொன்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு தெரிஞ்சிடும்" என்பார். காலையில் என்ன சாப்பிட்டாய், இந்தச் செருப்பை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பேச்சுக் கொடுப்பார். பதில் முடிவதற்குள் குப்பி நிறைந்திருக்கும். பக்கத்து மேஜையில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற நான் எட்டு வருஷமாக இதைப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள், பதினோரு வயது. கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த வருஷம் மகளுக்குப் பொதுத்தேர்வு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே தாள். அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்து எந்தப் பள்ளி என்று முடிவாகும். முதல் மாதிரித் தேர்வன்று குழந்தை வகுப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கணக்கு தெரியாத பிள்ளை இல்லை. வீட்டில் வாயாலேயே போட்டுவிடுவாள். தாளைக் கண்டால்தான் கை சில்லிட்டுப் போகும்.

"இது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே. தினம் முப்பது பேரைச் சமாளிக்கிறேன், இவளைச் சமாளிக்க மாட்டேனா?" என்றார் அக்கா.

தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. மாலையில் அரை மணி நேரம், ஒரே ஒரு பயிற்சித் தாள், அதற்கு மேல் கிடையாது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். மதிப்பெண் என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது. லாரிக்காரர் போனில் "எவ்வளவு வாங்கினே?" என்று ஆரம்பித்தால் அக்கா போனை வாங்கி, "அங்க மழையாங்க?" என்று கேட்பார். அவரும் விவரம் புரியாமல் கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசுவார். தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்தாலும் அக்கா முகம் சுளித்ததில்லை. சிரித்தபடி, "சரி, அடுத்தது" என்பார்.

பலன் தெரிந்தது. தாளுக்குப் பத்தாக இருந்த தவறுகள் நாலாம் வாரத்தில் நாலாயின. ஆறாம் வாரத்தில் ஒன்றோ இரண்டோதான். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை நடுவே அவர் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அப்போதுதான்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை, பென்சில் சீவி வைப்பதற்காக மகளின் பையைத் திறந்தார். அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். எல்லாப் பயிற்சித் தாள்களுக்குமான விடைகள், தோழியின் புத்தகத்திலிருந்து எறும்பு எழுத்தில் எடுத்தவை. ஒவ்வொரு தாளுக்கும் நேரே, எந்தக் கேள்வியைத் தப்பாகப் போட வேண்டும் என்றும் குறித்திருந்தாள்.

அக்கா சத்தம் போடவில்லை. கட்டிலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்டா கண்ணு?" என்றார்.

"தப்பாப் போட்டா நீ சிரிக்கிறம்மா."

"திட்டலையே."

"திட்டினாக்கூடப் பரவால்ல. நீ சிரிக்கும்போது கழுத்துல நரம்பு தெரியுது. ஊசி போட வந்தவங்ககிட்டப் பேசற மாதிரி பேசற. எனக்கு பயமா இருக்கும்மா."

"அத்தனை பேருகிட்டப் பலிச்சது, பெத்த பிள்ளைகிட்டப் பலிக்கல" என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் இருவரும் பேசாமலே பள்ளிக்கு நடந்தார்கள். எதைச் சொன்னாலும் அது எதற்காக என்று மகளுக்குத் தெரிந்துவிடும். வாசலில் அக்காவின் கையிலிருந்து ஈரமான சின்னக் கை நழுவிப் போனது. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்த மகள் தானாகவே சொன்னாள்: "நாலாவது கேள்வி வரைக்கும் எழுதினேன். அப்புறம் முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு சட்டையில கோடு எண்ணினேன். பதினேழு."

கூடப் படித்தவர்களெல்லாம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போனார்கள். இவளுக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு பள்ளி கிடைத்தது. துணைத் தேர்வு ஒன்று உண்டு, நன்றாக எழுதினால் பக்கத்துப் பள்ளியே கிடைக்கும், விண்ணப்பம் போடுங்கள், பிள்ளை கெட்டிக்காரி என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். மகளைக் கேட்டால், "நீ எழுதச் சொன்னா எழுதறேன்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

அக்கா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தார், கையெழுத்தைத் தவிர. பன்னிரண்டு நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தார். நான்தான் மனசு கேட்காமல், "போட்டுடுங்கக்கா, பிள்ளையோட எதிர்காலம்" என்றேன்.

"போட்டா மறுபடி வாந்தி எடுப்பா. போடலேன்னா, வளந்தப்புறம் ஏன் போடலைன்னு என்னைக் கேப்பா. ரெண்டுல எதை நான் தாங்குவேன், நீயே சொல்லு."



கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிவரை. ஐந்து அடித்தபோது எங்கள் பெஞ்சில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். அக்கா தலை நிமிரவில்லை.

லாரிக்காரர் வீட்டுக்கு வந்து, "யாரைக் கேட்டு இப்படி முடிவு பண்ணினே?" என்று சத்தம் போட்டாராம். "யாரும் முடிவு பண்ணல. தேதி போயிடுச்சு" என்றாராம் அக்கா.

புதுப் பள்ளியில் முதல் வாரமே ஒரு சின்னப் பரீட்சை வைத்தார்களாம். எப்படி எழுதினாய் என்று அக்கா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.