கரண்ட் போய் வந்த கதை

அத்தை பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அதுவரை மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்தான் ராணி. அதை அணைப்பதற்குக்கூட அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். அம்மாவுக்கும் அதற்கும் உள்ள உறவு, மேலே போட்டிருந்த பூப்போட்ட உறையை வாரம் ஒருமுறை துவைப்பதோடு சரி. யாராவது வீட்டுக்கு வந்தால், "இவதான் எல்லாம் பாத்துப்பா" என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சொல்வார். அந்தக் கை ஒரே வாரத்தில் இடம் மாறிவிட்டது.

அவள் திருச்சியிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்தவள். ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. வந்த மூன்றாம் நாளே கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே தூசி தட்டினாள். இரண்டு வருடமாக நான் ஆண்டுவந்த ராஜ்ஜியத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அடுத்த வாரம் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. "அதெல்லாம் எதுக்கும்மா? இங்கயே இரு" என்றார் அப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அன்று கொஞ்சமும் வெட்கமில்லை.

அப்பா புதிதாக வாங்கிவந்த ஹார்ட் டிஸ்க்கை எங்கள் பழைய கம்ப்யூட்டர் கண்டுகொள்ள மறுத்தது. பயாஸ் என்று ஒரு சின்ன சிப் உள்ளே இருக்கிறது, காலையில் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுவதே அதுதான், அதில் இருப்பதை அழித்துப் புதிதாக எழுதினால் சரியாகிவிடும் என்றாள் அத்தை பெண். அதற்கு முன்னால் ஒரு யூபிஎஸ் வேண்டும் என்றாள். அன்று சாயங்காலமே ரிச்சி தெருவிலிருந்து கல் மாதிரி கனக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார் அப்பா. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் ஆறு மாதமாகக் கேட்ட ஜாய்ஸ்டிக் வரவில்லை, அவள் காலையில் கேட்டது மாலையில் வந்துவிட்டது. எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. அப்பா கடைக்குப் போயிருந்தார். அவள் ஃப்ளாப்பியைப் போட்டு எழுத ஆரம்பித்த அந்த நேரம் பார்த்து ஹாலில் போன் அடித்தது. திருச்சியிலிருந்து அத்தை. "ரெண்டே நிமிஷம். யாரும் ஆஃப் பண்ணாம பாத்துக்கோ. பாதியில நின்னா சிப்பு செத்துடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினாள். காவலுக்கு ஆள் வைத்தாளே, பார்த்து வைத்தாள்! மேஜைக்கடியில், கம்ப்யூட்டரின் ஒயர் செருகியிருந்த கறுப்புப் பெட்டியின் பொத்தானை நான் கால் கட்டைவிரலால் அழுத்தினேன். திரை கறுத்தது.

அவள் திரும்பி வந்தாள். "கரண்ட் போயிடுச்சு, போய் உடனே வந்துடுச்சு" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், கீழே பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்படியா" என்றாள்.

அப்பா வந்ததும், "கரண்ட் போயிடுச்சு மாமா" என்று என் பொய்யையே எடுத்துச் சொன்னாள். நன்றாக ஏமாந்தாள் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே விசிறி மட்டும் சுற்றியது. அதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் பண்ணீங்க? போர்டு காலி. மாத்திக்கினு போய்க்கினே இருங்க" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "எல்லாம் தெரிஞ்ச மாதிரி கை வச்சா இப்படித்தான்" என்றாள். அத்தை பெண் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. நான் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவளை இனி ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், கையும் பழைய தலைக்கு வந்துவிடும்.

ஆனால் அவள் விடவில்லை. கீழ்வீட்டு மாமாவின் கம்ப்யூட்டரும் அதே மெக்கானிக் அதே நாளில் பூட்டியது. உள்ளே அதே போர்டு, அதே சிப். அதை எழுப்பி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை உருவிவிட்டு, செத்த சிப்பை அந்த இடத்தில் வைத்து எழுதிவிடலாம் என்றாள். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு அலாரம் எதற்கு, அதுபோலத்தான் என்றாள்.

கீழ்வீட்டு மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஓடிண்டிருக்கறச்சேயா பிடுங்கப்போறே? என்னோடதும் போயிடுத்துன்னா?"

"போனா என் பொறுப்பு சார். பொண்ணு சொன்னா சரியா இருக்கும்" என்றார் அப்பா. காபி டம்ளரை ஹாலுக்குக் கொண்டுவரக்கூட என்னை நம்பாத அப்பா!

கீழ்வீட்டுக் கம்ப்யூட்டரில் சிப்பைச் சுற்றி விரல் நுழைய இடமில்லை. அத்தை பெண் அம்மாவின் பூக் கட்டும் நூலை வாங்கி, மின்சாரம் இல்லாதபோதே சிப்பை லேசாகத் தளர்த்தி, அதன் அடியில் இரண்டு சுற்று கோத்தாள். பிறகு கம்ப்யூட்டரை எழுப்பினாள். அப்பா இழுக்கிறேன் என்று முன்னால் வந்தார்.

"வேணாம் மாமா. இவ இழுக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள். "ரெண்டு நூலையும் ஒரே அளவுல, நேரா மேல. கோணலா இழுத்தா ரெண்டு கம்ப்யூட்டரும் போயிடும்."

நூல் என் கையில். ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கினால் போதும், எல்லாம் முடிந்தது. நிஜமாகவே நினைத்துப் பார்த்தேன். அப்போது நிமிர்ந்தால், அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு என்னை மட்டும். அந்தப் பார்வைக்காக நேராக இழுத்தேன். மற்றபடி எனக்கு நல்ல எண்ணமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை.

சிப் கழன்று வந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. அவள் செத்த சிப்பைப் பொருத்தி அழுத்தினாள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு கோடு ஊர்ந்தது. கீழ்வீட்டு மாமா கண்ணை மூடிக்கொண்டார். கோடு முடிந்தது. அவர் சிப்பை அவர் கம்ப்யூட்டரிலேயே திரும்ப வைத்துவிட்டு, எங்கள் சிப்பை மேலே கொண்டுபோய்ப் பொருத்தினாள். மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஒரு 'பீப்' சத்தத்தோடு எழுந்தது. அப்பாவின் கை அவள் தலைக்குப் போயிற்று. "நீயும் நல்லா இழுத்தே" என்று எனக்கு ஒரு வார்த்தை. அந்த 'நீயும்' இருக்கிறதே, அது எனக்கு வாரக்கணக்கில் முள்ளாகக் குத்தியது.

இரண்டு வாரத்தில் அவளாகவே ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாள். காலேஜ் தூரம், பஸ்ஸிலேயே நேரம் போகிறது என்றாள். அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கிளம்பும்போது என்னிடம், "கரண்ட் போனா பயப்படாதே. அந்தப் பெட்டி பாத்துக்கும், அதுக்குத்தான் வாங்கினது" என்றாள். சரி சரி என்று தலையாட்டி, அவள் பையை நானே வாசல்வரை தூக்கிக்கொண்டு போனேன். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அம்மா பூரித்துப்போனாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். யாருடைய பங்கும் இல்லாமல் முழுக்க எனக்கே கிடைத்த கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் நின்றது. மேஜைக்கடியில் கறுப்புப் பெட்டி 'கீ... கீ...' என்று கத்தத் தொடங்கியது.

"என்னடி சத்தம்?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"கரண்ட் போயிடுச்சும்மா! ஆனா கம்ப்யூட்டர் அணையலை!" என்று உற்சாகமாகக் கத்தினேன்.

நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்டது. எனக்குத்தான் கேட்கவில்லை. நான் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.