நடு மெஷின்

உதட்டிடுக்கில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடியே ஷ்யாமளா என் பேண்ட்டின் கால்மடிப்பை அளக்கிறார். ஊசிகளை எடுக்காமலேயே பேசவும் செய்வார். "நேரா நில்லுங்க சார். நீங்க வளைஞ்சா பேண்ட்டும் வளையும். அப்புறம் டெய்லரைத் திட்டுவீங்க."

நியூஜெர்ஸியின் மான்மவுத் ஜங்ஷனில் உள்ள ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்கட்டில் மூன்று தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன. இடப்பக்கம் போலந்துக்காரர் ஹலீனா, கடை அவருடையது. வலப்பக்கம் உக்ரைனிலிருந்து வந்த ஒக்சானா. நடுவில் பவானிக்காரர் ஷ்யாமளா. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர். கணவரின் விசாவில் வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஐந்து வருஷம் வேலைக்குப் போகக்கூடாது என்று வீட்டில் உட்கார வைத்தது இந்த நாட்டுச் சட்டம். எனக்குக் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. "வீட்ல டிவி பாத்தேன், இங்க ஆளுங்களைப் பாக்கறேன். அவ்ளோதான் சார்." கழுத்தில் அளவு டேப் எப்போதும் தொங்கும், இந்தியன் ஸ்டோரில் புடலங்காய் பொறுக்கும்போதும்.

ஹலீனாவும் ஒக்சானாவும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஹலீனாவின் தாய்மாமன்கள் இருவரை 1943இல் உக்ரைனியக் கிளர்ச்சிக்காரர்கள் வெட்டிக் கொன்றார்கள். ஒக்சானாவின் அப்பாவை 1946இல் போலந்துச் சிப்பாய்கள் சரக்கு ரயிலில் ஏற்றி, பிறந்த ஊரைவிட்டே துரத்தினார்கள். இரு தரப்பினரும் ஒரே சிலுவையைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள். அந்தக் கணக்கை அப்போது பிறந்தேயிராத இரண்டு பெண்கள் நியூஜெர்ஸியில் சுமக்கிறார்கள்.

ஆகவே, நூல்கண்டு வேண்டுமென்றாலும் ஷ்யாமளா வழியாகத்தான். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இருவரின் மொழிகளும் நெருங்கிய உறவு. ஒருவர் முணுமுணுத்தாலே மற்றவருக்குப் புரியும். இரண்டும் தெரியாதவர் ஷ்யாமளா மட்டுமே. அவரிடம் உடைந்த இங்கிலீஷில் சொல்வார்கள். ஜிப்பைக் கோணலாக வைத்திருக்கிறாள், கண் அவிந்துவிட்டதா கேள் என்பார் ஹலீனா. ஷ்யாமளா அந்தப் பக்கம் திரும்பி, ஜிப் லேசாகச் சாய்ந்திருக்கிறதாம், லைட் போதவில்லையா என்று கேட்கிறார் என்பார். முதலில் வந்த வசையும் ஒக்சானாவின் காதில் விழுந்திருக்கும். ஆனால் இரண்டாவதற்குத்தான் பதில் சொல்வார்.

இது பொய்யில்லையா என்று கேட்டேன்.

"துணிக்கே உள்ளாற அரை இஞ்ச் விட்டுத்தான சார் தைக்கறோம்? பேச்சுக்கு விட வேணாமா?"

போன ஜூலையில், 2000இல், இரண்டு நாடுகளும் சேர்ந்து அமைத்த ஒரே பட்டாலியன் அமைதி காக்கக் கொசோவோவுக்குப் போனது. ஹலீனாவின் மகன் தோமெக் அதில் இருக்கிறான். ஒக்சானாவின் தம்பி அந்திரியும் இருக்கிறான். அங்கே இருவருக்கும் ஒரே முகாம், ஒரே ரோந்து வண்டி. தோமெக் சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்குக் கடைக்கு போன் செய்வான். அந்திரியிடமிருந்து மூன்று வாரமாக ஒரு தகவலும் இல்லை. ஒக்சானா வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஹலீனா தானாகச் சொல்லமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் முக்காலிமேல் நின்றிருந்தேன். ஒக்சானா ஒரே மடிப்பை மூன்றாவது முறையாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. ஹலீனா மகனோடு ஐந்து நிமிஷம் பேசினார். வைக்கப்போகும் நேரத்தில் ஷ்யாமளா வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். அதை நான் அன்றுதான் பார்த்தேன். தனக்காக ஒன்று கேட்க வேண்டும் என்றார். அங்கே அந்திரி என்று ஒரு பையன் இருக்கிறானாமே, நன்றாக இருக்கிறானா, சாப்பிடுகிறானா? தனக்குத்தான் தெரிய வேண்டும், வேறு யாருக்கும் இல்லை.

ஒக்சானாவின் மெஷின் நின்றது.

ஹலீனா ஷ்யாமளாவை முறைத்தார். பிறகு போனில் கேட்டார். பதில் நீளமாக வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஷ்யாமளாவிடம் சொன்னார்: கடுங்காய்ச்சலில் கிடந்தானாம். இப்போது எழுந்துவிட்டானாம். தோமெக்தான் சூப் கொடுத்துப் பார்த்துக்கொண்டானாம். இதோ, பக்கத்தில்தான் நிற்கிறானாம். அவளிடம் சொல்.

ஷ்யாமளா சொல்லவில்லை. ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார், நான்கையும்.

ஹலீனா பொத்தியிருந்த கையை எடுத்தார். பிறகு ரிசீவரை ஒக்சானாவை நோக்கி நீட்டினார். சுருள் ஒயர் இழுத்த மட்டும் நீண்டும், ஒரு கை தூரம் எட்டவில்லை. ஒக்சானா எழுந்தார். வழியை அடைத்துக்கொண்டு நின்ற தன் மெஷினை ஷ்யாமளா, யாரையும் பார்க்காமல், இடுப்பால் சுவரோரமாகத் தள்ளினார்.